பூதம் காத்த புதையல்

நம் ஊர்ப் பக்கத்துப் பாட்டிமார் புதையல் கதை சொல்லக் கேட்டிருப்பீர்கள். பாழடைந்த மண்டபத்தின் கீழே ஏழு செப்புக் குடம் நிறையப் பொன் இருக்கும். அதை ஒரு பூதம் காத்து நிற்கும். மை போட்டுப் பார்ப்பவன் வந்து இடத்தைக் குறித்துக் கொடுப்பான். ஆசைப்பட்டுத் தோண்டப் போனவன் இரத்தம் கக்கிச் சாவான். அந்தப் பொன்னைக் கண்ணால் கண்டவர் ஒருவருமில்லை. ஆனால் நம் பெற்றோர் இளமையாக இருந்த காலத்தில், கதையில் அல்லாமல் மெய்யாகவே, பணத்தைப் பீப்பாய் பீப்பாயாக மண்ணில் புதைத்து வைத்த ஒருவன் வாழ்ந்தான். அவன் மாண்டு முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவனுடைய நாட்டில் அந்தப் பணத்தைத் தேடும் ஆசை அடங்கவில்லை.

அவன் பெயர் பாப்லோ எமிலியோ எஸ்கோபார் கவீரியா. தென் அமெரிக்காவிலுள்ள கொலம்பியா நாட்டவன். கொக்கெயின் என்னும் போதைப் பொருளைக் கப்பலிலும் விமானத்திலும் ஏற்றி அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு அனுப்பி உலகக் கோடீசுவரர் பட்டியலில் இடம் பிடித்தவன். தொலைக்காட்சித் தொடர்களின் புண்ணியத்தால் நம் விடுதிகளில் அவனை அறியாதவர் இல்லை. அவன் முகம் அச்சிட்ட பனியனைப் போட்டுக்கொண்டு உணவுக் கூடத்துக்கு வரும் நண்பர்களும் உண்டு. அவர்களோடு வாதாட எனக்கு விருப்பமில்லை. அவன் வாழ்க்கையை அவன் புதைத்த பணத்தின் வழியாக ஒருமுறை நடந்து பார்ப்போம். பனியனைப் பற்றிய முடிவை அவரவர் செய்துகொள்ளட்டும்.

எஸ்கோபார் பிறந்தது 1949 டிசம்பர் 1ஆம் நாள், அந்தியோக்கியா மாநிலத்து ரியோநெக்ரோ என்னும் ஊரில். மலைநாடு அது. காப்பியும் பொன்னும் விளையும் நாடு. அங்குள்ளவர்களுக்குப் புதையல் என்பது புதிய சொல் அன்று. ஸ்பானியர் வருவதற்கு முன் அப்பகுதிகளில் வாழ்ந்த பழங்குடிகள் தம் தலைவர்களைப் பொன்னணிகளோடு புதைத்தார்கள். அந்தக் கல்லறைகளைக் 'குவாக்கா' என்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் அந்தியோக்கியாவிலிருந்து தெற்கே குடியேறியவர்கள் காடு திருத்துவதோடு குவாக்கா தோண்டுவதையும் ஒரு தொழிலாகவே கொண்டிருந்தார்கள். 1890ல் கிண்டியோப் பகுதியில் இப்படித் தோண்டியவர்களுக்குக் கிம்பாயா மக்களின் பொற்குவியல் ஒன்று அகப்பட்டது. அதை அரசாங்கம் வாங்கி, 1893ல் ஸ்பெயின் நாட்டு அரசிக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டது! மண்ணைத் தோண்டினால் பொன் வரும், வந்த பொன் அரசாங்கத்தின் கைக்குப் போனால் திரும்பி வராது என்னும் இரண்டு பாடங்களையும் அந்நாட்டார் எஸ்கோபார் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே கற்றிருந்தார்கள்.

தகப்பன் உழவன். தாய் எர்மில்டா பள்ளி ஆசிரியை. ஏழு பிள்ளைகளில் இவன் மூன்றாமவன். இவன் பிறப்பதற்கு முந்திய ஆண்டில், 1948 ஏப்ரல் 9ஆம் நாள், மக்கள் தலைவர் கைத்தான் தலைநகரான பொகோட்டாவின் தெருவிலே சுட்டுக் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்து நாடு முழுவதும் பற்றிய தீயில் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் மாண்டார்கள். அந்தப் பத்தாண்டுகளைக் கொலம்பியர் 'வன்முறை' என்ற ஒரே சொல்லால் குறிக்கிறார்கள். அரிவாளுக்கு அஞ்சிக் கிராமத்தார் நகரங்களில் வந்து குவிந்த காலம் அது. எஸ்கோபாரின் குடும்பமும் மெடலின் நகரை ஒட்டிய என்விகாடோவில் வந்து சேர்ந்தது. பையன் வளர்ந்தது அங்கேதான்.

படிப்பு ஏறவில்லை என்று சொல்ல முடியாது. படிப்பை விட வேகமாகப் பணம் தரும் தொழில்கள் கண்ணில் பட்டன என்பதே சரி. கள்ளச் சிகரெட்டு, திருட்டுக் கார் என்று தொழில் தொடங்கியது. கல்லறைக் கற்களைத் திருடி, பெயரைத் தேய்த்து அழித்து, புதிய கல்லென்று விற்றான் என்றொரு பேச்சும் உண்டு. குடும்பத்தார் அதை மறுப்பார்கள். 1970களின் நடுவில் அமெரிக்க நகரங்களில் கொக்கெயின் ஆசை பரவியது. பெருவிலும் பொலிவியாவிலும் கோக்கா இலையிலிருந்து எடுத்த பசையை வாங்கிக் கொலம்பியாவில் வெண்பொடியாக்கி வடக்கே அனுப்பினால் ஒன்றுக்குப் பல மடங்கு கிடைக்கும் என்று தெரிந்துகொண்டவர்களில் இவனும் ஒருவன்.

1976ல் எஸ்கோபாரும் அவன் மாமன் மகன் குஸ்தாவோவும் பிடிபட்டார்கள். லாரியின் மாற்றுச் சக்கரத்துக்குள் இருபது கிலோவுக்குச் சற்றுக் குறைவான கொக்கெயின் இருந்தது. சிறைச்சாலையில் எடுத்த புகைப்படத்தில் அவன் வாய் நிறையச் சிரிக்கிறான். நம் நண்பர்களின் பனியனில் இருப்பது பெரும்பாலும் அந்தப் படந்தான். அவன் சிரித்ததற்குக் காரணம் இருந்தது. வழக்கு நீதிபதிக்கு நீதிபதி கைமாறியது, பிறகு காணாமலே போயிற்று. அவனைப் பிடித்த அதிகாரிகள் பின்னாளில் கொல்லப்பட்டார்கள். அவன் முதன்முதலில் மண்ணில் புதைத்தது பணத்தை அன்று, ஒரு காகிதக் கட்டை என்று சொல்ல வேண்டும்.

இனிப் பணத்துக்கு வருவோம். இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. கணித மாணவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கொக்கெயினைத் தெருவில் வாங்குபவன் காசோலை தருவதில்லை. கசங்கிய இருபது டாலர் நோட்டைத் தருகிறான். ஒரு டாலர் நோட்டின் எடை, அது எந்த மதிப்புடையதாக இருந்தாலும், ஏறத்தாழ 1 கிராம். ஆகவே ஒரு கோடி டாலரை இருபது டாலர் நோட்டுகளாகக் கட்டினால் 5 லட்சம் நோட்டு, அதாவது 500 கிலோ. நூறு கோடி டாலர் என்றால் 50 டன். கொக்கெயினை வடக்கே ஏற்றிப்போன விமானம் அதைவிடக் கனத்த பாரத்தோடு தெற்கே திரும்ப வேண்டியிருந்தது என்று சொன்னால் அது வெறும் அலங்காரம் இல்லை. சரக்கை மறைப்பதைவிடப் பணத்தை மறைப்பது பெருந்தொல்லையாக இருந்தது.

வைக்க இடமில்லாமல் வீட்டுச் சுவருக்குள் வைத்தார்கள். தரைக்கு அடியில் வைத்தார்கள். பீப்பாய்களில் அடைத்துப் பண்ணைகளில் புதைத்தார்கள். இப்படிப்பட்ட மறைவிடத்துக்குக் கொலம்பியாவில் 'கலேத்தா' என்று பெயர். இதற்கென்றே கைதேர்ந்த கொத்தர்களும் தச்சர்களும் இருந்தார்கள். எஸ்கோபாரின் அண்ணன் ரொபெர்த்தோ கணக்குப்பிள்ளையாக இருந்தவர். நோட்டுக் கட்டுகளைக் கட்டும் ரப்பர் வளையத்துக்கு மட்டும் மாதம் 2,500 டாலர் செலவாயிற்று என்றும், எலி கடித்தும் ஈரம் பட்டும் ஆண்டுதோறும் பத்தில் ஒரு பங்கு பாழாவதை முன்கூட்டியே கணக்கில் கழித்துவிடுவார்களென்றும் அவர் 2009ல் வெளிவந்த தம் நூலில் எழுதியிருக்கிறார். அண்ணன் சொல்லும் கணக்கு. கொஞ்சம் பெருக்கியும் இருக்கலாம். ஆனால் வெப்ப நாட்டு மண்ணில் காகிதம் என்ன பாடுபடும் என்பதை நம் வீட்டுப் பரணில் பழைய புத்தகக் கட்டைப் பிரித்துப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

எல்லாப் பணமும் மண்ணுக்குள் போனதென்று எண்ணுவதுதான் புதையல் தேடுவோர் செய்யும் முதல் பிழை. கொலம்பியாவின் மைய வங்கியில் 1970களில் ஒரு சாளரம் இருந்தது. அதில் யார் வேண்டுமானாலும் டாலரைக் கொடுத்து நாட்டுப் பணமான பெசோவாக மாற்றிக்கொள்ளலாம். எங்கிருந்து வந்தது என்று கேட்கமாட்டார்கள். மக்கள் அதற்கு 'வென்த்தனில்யா சினியெஸ்த்ரா' என்று பெயர் வைத்தார்கள். ஸ்பானிய மொழியில் 'சினியெஸ்த்ரா' என்றால் இடப்பக்கம் என்றும் பொருள், கெட்டது என்றும் பொருள். இருபொருள்படப் பேசுவதில் அவர்கள் நம் சிலேடைப் புலவர்களுக்குச் சளைத்தவர்கள் அல்லர். சட்டம் கொக்கெயின் வணிகனைத் தேடிக்கொண்டிருந்த அதே நாளில் அரசாங்க வங்கி அந்த வணிகத்தின் டாலரை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தது. அந்தச் சாளரத்தின் வழியே போன பணத்தை எந்தக் கடப்பாரையும் தோண்டி எடுக்க முடியாது. அது நிலமாக, மாடமாளிகையாக, கௌரவமான கம்பெனியாக மாறிவிட்டது.

எஸ்கோபாரும் நிலம் வாங்கினான். மெடலினுக்கும் பொகோட்டாவுக்கும் இடையே புவெர்த்தோ திரியுன்ஃபோ என்னும் ஊரில் அவன் அமைத்த நாப்பொலெஸ் பண்ணை ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. விமான ஓடுபாதை, செயற்கை ஏரிகள், ஒட்டகச் சிவிங்கியும் யானையும் உள்ள விலங்குக் காட்சிசாலை எல்லாம் இருந்தன. வாயில் வளைவின் மேலே ஒரு சிறு விமானத்தை ஏற்றி வைத்திருந்தான். முதற் கொக்கெயினைச் சுமந்த விமானத்தின் நினைவு என்று சொல்வார்கள். காட்சிசாலையை ஊரார் இலவசமாகப் பார்க்கலாம். மெடலினில் குப்பைமேட்டில் குடியிருந்த ஏழைகளுக்கு நூற்றுக்கணக்கான வீடுகளும் கட்டிக் கொடுத்தான். அந்தப் பேட்டை இன்றும் அவன் பெயரால் அழைக்கப்படுகிறது. அவன் செய்ததில் நல்லது ஒன்றுமே இல்லை என்று எழுதுவது எளிது; அந்தக் குப்பைமேட்டில் ஓர் இரவு தங்கியவர்கள் அப்படி எழுதமாட்டார்கள்.

கொடையாளிக்கு அடுத்த ஆசை பதவி. 1982 தேர்தலில் நாடாளுமன்றக் கீழ்ச்சபைக்கு மாற்று உறுப்பினனாகத் தேர்ந்தெடுக்கப்பட்டான். இதுவே அவன் செய்த பெரும் பிழை. மறைவில் இருந்தவரை அவனைக் கேள்வி கேட்பாரில்லை. மன்றத்துக்கு வந்ததும் நீதி அமைச்சர் ரொத்ரிகோ லாரா போனில்யா கேட்டார். 1983 ஆகஸ்டில் 'எல் எஸ்பெக்தாதோர்' நாளிதழின் ஆசிரியர் கில்யெர்மோ கானோ தம் அலுவலகப் பழங்கட்டுகளைத் தேடி 1976ஆம் ஆண்டுச் செய்தியைக் கண்டெடுத்து மறுபடியும் அச்சிட்டார். எஸ்கோபாரின் ஆட்கள் மெடலின் நகருக்கு வந்த அத்தனை பிரதிகளையும் காசு கொடுத்து வாங்கித் தெருவில் ஒன்றுகூட இல்லாமல் செய்தார்கள். பயனில்லை. புதைத்த காகிதம் முளைத்துவிட்டது. 1984 மார்ச்சில் காட்டுக்குள் இருந்த திராங்கிலாந்தியா ஆலையில் போலீசார் புகுந்து 13 டன்னுக்கும் மேற்பட்ட கொக்கெயினைக் கைப்பற்றினார்கள். ஏப்ரல் 30ஆம் நாள் அமைச்சர் லாரா தம் காரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஆசிரியர் கானோ 1986 டிசம்பர் 17 அன்று அலுவலகத்தை விட்டு வெளியே வரும்போது கொல்லப்பட்டார். பழைய பத்திரிகையைப் புரட்டிப் பார்த்ததற்கு அவர் கொடுத்த விலை அது.

அமைச்சர் கொலைக்குப் பிறகு எஸ்கோபார் பனாமாவுக்கும் அங்கிருந்து நிகராகுவாவுக்கும் ஓடினான். இங்கேதான் வல்லரசின் இரகசியமும் அவன் கதையும் பின்னிக்கொள்கின்றன. பாரி சீல் என்னும் அமெரிக்க விமானி கொக்கெயின் கடத்திப் பிடிபட்டு, பிறகு அமெரிக்கப் போதைப்பொருள் தடுப்புத் துறைக்கு உளவாளியானவர். அவருடைய சி-123 சரக்கு விமானத்தில் மைய உளவுத் துறையான சி.ஐ.ஏ. மறைவான புகைப்படக் கருவியைப் பொருத்தியது. 1984 ஜூனில் நிகராகுவா விமானத் தளமொன்றில் சரக்கு மூட்டைகளை ஏற்றும் எஸ்கோபாரின் உருவம் அதில் பதிந்தது. கடத்தல்காரர் கூட்டம் முழுவதையும் வலையில் வீழ்த்தும்வரை இதை மறைத்து வைத்திருக்க வேண்டும். ஆனால் நிகராகுவா அரசைக் கவிழ்க்க அமெரிக்க அரசு துடித்துக்கொண்டிருந்த நேரம் அது. செய்தி சில வாரங்களிலேயே பத்திரிகைக்குக் கசிந்தது. வலை கிழிந்தது. சீல் 1986 பிப்ரவரியில் லூசியானா மாநிலத்தில் சுடப்பட்டு இறந்தார். அடுத்த மாதமே குடியரசுத் தலைவர் ரீகன் அந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் நாட்டுக்கே காட்டினார். அதே விமானம் நிகராகுவா எதிர்ப்புரட்சிப் படைக்கு இரகசியமாக ஆயுதம் கொண்டு போகும்போது 1986 அக்டோபர் 5ஆம் நாள் சுட்டு வீழ்த்தப்பட்டது. ஈரானுக்கு ஆயுதம் விற்று அந்தப் படைக்குப் பணம் கொடுத்த ஊழல் வெளிவரத் தொடங்கியது அந்த விபத்திலிருந்துதான். போதைப்பொருளை ஒழிக்கப் புறப்பட்ட விமானமும் இரகசியப் போருக்குப் போன விமானமும் ஒன்றே. எது எதற்கு முகமூடி என்று கேட்டால் இன்றும் தெளிவான விடை கிடைப்பதில்லை. எதிர்ப்புரட்சிப் படையைச் சூழ்ந்திருந்தவர்களில் போதைக் கடத்தல் புகாருக்கு ஆளானவர்களோடும் சி.ஐ.ஏ. உறவு கொண்டிருந்ததை அத்துறையின் தலைமை ஆய்வாளரே 1998ஆம் ஆண்டு அறிக்கையில் ஒப்புக்கொண்டார்.

அடுத்து வந்த ஆண்டுகளின் இரத்தத்தை விரித்துரைக்க மனம் வரவில்லை. பிடிபட்டால் அமெரிக்காவுக்கு நாடு கடத்துவார்கள் என்ற ஒன்றே எஸ்கோபாரின் அச்சம். அந்தச் சட்டத்தை எடுக்கும்வரை நாட்டோடு போர் தொடுத்தான். 1989 ஆகஸ்டு 18ல் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்ற கலான் மேடையில் சுடப்பட்டார். நவம்பர் 27ல் அவியாங்கா விமானம் வானில் வெடித்து அதிலிருந்த 107 பேரும் கீழே நின்ற 3 பேரும் மாண்டனர். ஒன்பது நாள் கழித்துப் பொகோட்டாவில் உளவுப் போலீஸ் தலைமையகத்தின் முன் வெடித்த குண்டு மேலும் பலரைக் கொன்றது. மெடலின் தெருக்களில் ஒவ்வொரு போலீஸ்காரன் தலைக்கும் விலை வைக்கப்பட்டது. இறந்தவர்களில் பெரும்பாலோர் குப்பைமேட்டு ஏழைகளின் பிள்ளைகளே, சுட்டவர்களும் அவர்களே.

1991 ஜூன் 19ஆம் நாள் அரசியல் நிர்ணய சபை நாடு கடத்தலைத் தடை செய்தது. அன்றே அவன் சரணடைந்தான். சரணடைந்த இடமோ அவனே தேர்ந்தெடுத்த மலை மேல், அவன் விருப்பப்படி அமைந்த 'லா கத்தெத்ரால்' என்னும் சிறை. உள்ளே கால்பந்துத் திடல் இருந்தது. காவலர் யாரென்பதிலும் அவன் சொல் செல்லும். பால் கேன்களில் நோட்டுச் சுருள்களை அடைத்து உள்ளே கொண்டுவந்து புதைத்தார்கள் என்பார்கள்.

அந்தச் சிறையில்தான் புதையல் தன் வேலையைக் காட்டியது. எஸ்கோபார் உள்ளே இருக்கும்போது தொழிலை வெளியே நடத்தியவர்கள் கலேயானோ, மொன்காதா என்னும் இரு குடும்பத்தார். அவர்கள் மாதந்தோறும் அவனுக்குக் கப்பம் கட்டினார்கள். கையில் பணமில்லை என்று அவர்கள் குறை சொல்லிக்கொண்டிருந்த சமயத்தில், அவர்களுடைய மறைவிடம் ஒன்றை எஸ்கோபாரின் ஆட்கள் கண்டுபிடித்தார்கள். இரண்டு கோடி டாலர் அளவில் பணம் அங்கே பதுக்கிக் கிடந்தது. எஸ்கோபாரின் சினத்துக்கு எல்லையில்லை. 1992 ஜூலையில் இரு குடும்பத் தலைவர்களும் கொல்லப்பட்டார்கள். அரசாங்கம் காவல் காக்கும் சிறைக்கு அவர்களை வரவழைத்தே இது நடந்தது. செய்தி வெளியே வந்ததும் அரசு தலைகுனிந்தது. அவனை வேறு சிறைக்கு மாற்றப் படை அனுப்பியது. ஜூலை 22ஆம் நாள் பின்புறச் சுவரை உடைத்துக்கொண்டு அவன் மலையிருளில் மறைந்தான். எத்தனையோ படையும் சட்டமும் அசைக்க முடியாதவனை, பதுக்கி வைத்த பணம் அசைத்துவிட்டது. எஞ்சிய கலேயானோ, மொன்காதா கூட்டத்தார் அவனுக்குப் பரம எதிரிகளானார்கள். அவனுடைய மறைவிடங்களையும் ஆட்களையும் கணக்குகளையும் அறிந்த எதிரிகள்.

அதன் பின்னர் பதினாறு மாத வேட்டை. கொலம்பியப் போலீசின் தேடுதல் படையோடு அமெரிக்க இராணுவத்தின் தனிப்படையினரும், வானிலிருந்து தொலைபேசிப் பேச்சை ஒட்டுக்கேட்கும் இரகசியப் பிரிவொன்றும் சேர்ந்து வேலை செய்தன. 1993 தொடக்கத்தில் 'லோஸ் பெப்பெஸ்' என்ற பெயரில் மூன்றாவது கூட்டமொன்று கிளம்பியது. எஸ்கோபாரால் துன்புற்றோர் என்பது அப்பெயரின் விரிவு. பழைய கூட்டாளிகள், காலி நகரத்துப் போட்டி வணிகர்கள், காஸ்தானியோ சகோதரர்கள் என்னும் கூலிப்படைத் தலைவர்கள் எல்லோரும் அதில் அடக்கம். எஸ்கோபாரின் வீடுகளை எரித்தார்கள், வழக்கறிஞர்களைக் கொன்றார்கள். போலீசுக்குத் தெரிந்த முகவரி எல்லாம் மறுநாளே இவர்களுக்கும் தெரிந்திருந்தது. யார் சொன்னார்கள்? இந்தக் கேள்விக்கான காகிதங்களை வெளியிடச் சொல்லி அமெரிக்காவில் ஆராய்ச்சியாளர்கள் சி.ஐ.ஏ. மீது வழக்குத் தொடுத்தார்கள். 2008ல் தேசியப் பாதுகாப்பு ஆவணக்காப்பகம் என்ற அரசு சாராத அமைப்பு, கிடைத்த சில ஆவணங்களை வெளியிட்டது. கொலம்பியப் போலீசுக்கும் அந்தக் கொலைக் கூட்டத்துக்கும் இருந்த தொடர்பை அமெரிக்க உளவுத்துறை அப்போதே அறிந்து கவலைப்பட்டது அவற்றால் தெரிகிறது. பல வரிகள் மறைக்கப்பட்டிருந்தன. நம் ஊரில் மறைந்ததைக் காண மை போடுகிறார்கள். வாஷிங்டனில் தெரிந்ததை மறைக்க மை போடுகிறார்கள்.

ஓடி ஒளிந்த மாதங்களில் பணம் அவனுக்கு எதற்குப் பயன்பட்டது? மலைக் குடிசையொன்றில் குளிரில் நடுங்கிய சிறுமகளுக்கு வெப்பமூட்ட இருபது லட்சம் டாலரை அடுப்பில் இட்டு எரித்தானென்று மகன் பின்னாளில் கூறியிருக்கிறார். 1993 டிசம்பர் 2ஆம் நாள், 44 வயது முடிந்த மறுநாள், மகனோடு தொலைபேசியில் சற்று அதிகமாகப் பேசிவிட்டான். அலையைத் தொடர்ந்து வந்த போலீசார் மெடலினில் ஒரு சாதாரண இரண்டடுக்கு வீட்டைச் சூழ்ந்தனர். வெறுங்காலோடு பின்புற ஓட்டுக் கூரையில் இறங்கி ஓடியவன் அங்கேயே வீழ்ந்தான். கூட ஒரே ஒரு காவலாள். இறுதி ஊர்வலத்துக்கு ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள்.

பிணம் மண்ணுக்குள் போன கையோடு தோண்டல் தொடங்கிவிட்டது. நாப்பொலெஸ் பண்ணைக்குள் புகுந்தவர்கள் தரையைப் பெயர்த்தார்கள், சுவரைக் குடைந்தார்கள், நீச்சல் குளத்தைச் சுற்றிக் குழி பறித்தார்கள். இந்த அகழ்வில் நைந்துபோன பெரிய வீடு 2015ல் தானே இடிந்து விழுந்தது. லா கத்தெத்ரால் சிறையையும் விட்டு வைக்கவில்லை. ஓடு, குழாய், கதவு எல்லாம் போயின. பிற்பாடு பெனடிக்ட் சபைத் துறவிகள் அங்கே வந்து முதியோர் இல்லம் அமைத்தார்கள்.

கிடைத்ததா என்றுதானே கேட்கிறீர்கள்? பதுக்கிய பணம் கொலம்பிய மண்ணில் உண்டு என்பதில் ஐயமில்லை. எஸ்கோபாரின் கூட்டாளி ரொத்ரிகெஸ் காச்சா 1989 டிசம்பரில் கொல்லப்பட்டபின் அவன் பண்ணைகளில் புதைத்திருந்த டாலர்களை அரசாங்கமே தோண்டி எடுத்தது. 2003ல் காகெத்தா காட்டில் கெரில்லாப் படையினர் பதுக்கிய பல லட்சம் டாலர்களைக் கண்டெடுத்த நூற்றுக்கு மேற்பட்ட சிப்பாய்கள், மேலிடத்துக்குச் சொல்லாமல் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஊருக்குள் வந்து தாராளமாகச் செலவு செய்ததில் அகப்பட்டு வழக்கு மன்றம் ஏறினார்கள். எஸ்கோபாரின் பணம் என்று வரும் செய்திகளில் பாதி காற்று. 2015ல் ஒரு குடியானவன் 60 கோடி டாலரைத் தோண்டி எடுத்தான் என்று உலகெங்கும் பரவிய செய்திக்கு ஆதாரமே இல்லை. 2016ல் மயாமி கடற்கரையில் அவனுக்குச் சொந்தமாயிருந்த மாளிகையை இடித்தபோது, அமெரிக்க அரசு 1987லேயே கைப்பற்றிய வீடு அது, மண்ணுக்குள்ளிருந்து ஓர் இரும்புப் பெட்டகம் கிடைத்தது. 2017ல் சி.ஐ.ஏ.வில் முன்பு பணியாற்றிய இருவர் நிலத்தை ஊடுருவிப் பார்க்கும் ராடார் கருவியோடு கொலம்பியாவுக்கு வந்து தேடினார்கள். தொலைக்காட்சி நேயர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு, கோடிகள் அகப்படவில்லை. 2020ல் எஸ்கோபாரின் அண்ணன் மகனொருவர், மெடலின் வீட்டுச் சுவருக்குள்ளிருந்து 180 லட்சம் டாலர் எடுத்ததாகத் தொலைக்காட்சியில் சொன்னார். பிணவாடையை விட மோசமான நாற்றம் வீசிற்று என்றும், நோட்டுகளிற் சில மக்கிப்போய்ப் பயனற்றுக் கிடந்தன என்றும் கூறினார்.

பெரும்பணம் எங்கே போயிற்று என்பதை அறிய இத்தனை குழி பறிக்க வேண்டியதில்லை. 1994ல் அவன் விதவை, காலி நகரத்துத் தலைவர்கள் முன்னே போய் நின்று, குடும்பத்தின் உயிருக்கு ஈடாக நிலங்களையும் வீடுகளையும் ஓவியங்களையும் எழுதிக் கொடுத்தார். அதைப் பின்னாளில் தாமே நூலாக எழுதியிருக்கிறார். முறைகேடாய்ச் சேர்த்த சொத்தைப் பறிக்க வகை செய்யும் சட்டம் 1996ல்தான் வந்தது. அதற்குள் மாற வேண்டியதெல்லாம் பெயர் மாறிவிட்டது. அந்த இடப்பக்கச் சாளரத்தில் டாலரை நீட்டியவர்கள் யார் யார், வாங்கியவர்கள் யார் யார் என்று பெயர் சொல்லும் பட்டியல் எங்கும் அச்சாகவில்லை.

மெடலினில் எஸ்கோபார் குடும்பம் வாழ்ந்த 'மோனாக்கோ' என்னும் மாடிக் கட்டடத்தை 2019 பிப்ரவரி 22ஆம் நாள் வெடி வைத்துத் தகர்த்தார்கள். சுற்றுலாப் பயணிகள் வந்து படமெடுத்துக்கொள்ளும் இடமாகிவிட்டது என்பதே நகர மேயரின் குறை. அந்த இடத்தில் பூங்கா அமைத்துக் கருஞ்சுவர் எழுப்பியிருக்கிறார்கள். 1983 முதல் 1994 வரை போதை வணிகத்தின் வன்முறையில் மாண்டவர்களுக்கான நினைவிடம் அது; அவர்களின் தொகை 46,000க்கும் மேல். சுவரில் உயிருக்கு ஒன்றாகச் சிறு துளைகள் இட்டிருக்கிறார்கள்.